வைக்கோல் குட்டி

குட்டியின் கால்கள் மடங்கியிருந்தன.

அகத்தித்தழைக் கட்டைத் தோளிலிருந்து இறக்காமல், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றபடி ஆத்மநாதன் அதைப் பார்த்தான். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. தைலமரங்களிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. செம்மண் ஊறிய வாடையும், தைல வாடையும், புழுக்கையின் புளித்த வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. நேற்று சாயங்காலம் வாகைமரத்தடியில் குட்டியை வைத்துவிட்டுப் போனவன் அவன்தான். இப்போது அது எதிர்மூலையில், இடுப்புயரப் புல்லுக்குள், காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு, நாலு கால்களையும் வயிற்றுக்கு அடியில் மடித்துப் படுத்திருந்தது. இடம் மாறியதில் அவனுக்குப் பெரிய ஆச்சரியமில்லை, தாய் மூக்கால் நெட்டித் தள்ளியிருக்கலாம். கால்தான் இடித்தது. அந்தக் கால்களுக்குள் மூங்கில் சிம்பு செருகி, விறைப்பாக நிற்கும்படி கோணூசியால் தைத்தவன் அவன். மூங்கில் ஒடியும், மடங்காது.

உயிருள்ள குட்டியாக இருந்தால் மடங்கிய காலைப் பார்த்து யார் பயப்படப்போகிறார்கள்? அது செத்துப் பிறந்த கடமான் குட்டியின் தோல். உள்ளே இருந்தது வைக்கோல்.

அரிமளத்திலிருந்து உள்ளே பிரியும் செம்மண் ரோட்டில், தைலமரக் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்த மையம். சுற்றுப்பட்ட ஊர்க்காரர்களுக்கு அது மான் பண்ணை. இத்தனை மான் இருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்ட முடியாத பண்ணை என்ன பண்ணை என்று அவர்களுக்குத் தீராத மனக்குறை. ஆனால் மிருகக்காட்சிசாலையில் கூட்டம் பார்க்கக் கடமான் வேண்டுமென்றால், அது கூட்டம் பார்க்காத இடத்தில்தான் குட்டி போட்டாக வேண்டும். அதனால் அங்கே எல்லாமே மானின் பயத்தை அளந்து கட்டப்பட்டிருந்தது. மிரண்டு ஓடுவது கம்பி தெரியாமல் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளக்கூடாது என்று வலை நெடுகப் பச்சைத்துணி. தாய் மறைந்து ஈனுவதற்குப் புல் புதர். தினமும் ஒரே ஆள், ஒரே காக்கிச் சட்டை, ஒரே தகரவாளிச் சத்தம். வடக்கு அடைப்புக்கு அந்த ஒரே ஆள் ஆத்மநாதன்.

ஜோடி சேர்ப்பதில் கல்யாண வீட்டை மிஞ்சிய விசாரணை நடக்கும். எந்தக் கிடா, யாருக்குப் பிறந்தது, இந்தப் பெட்டைக்கு அது என்ன உறவு என்றெல்லாம் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்காமல் விட்ட காலத்து வினைதான், இங்கிருந்த மான்கள் எல்லாம் ஒரே கிடாவின் வம்சமாகி, குட்டிகள் குருடாகவும் கால் கோணியும் விழத் தொடங்கியிருந்தன. மையத்தின் டாக்டர் வனிதா எங்கெங்கோ எழுதிப் போட்டு, வடக்கே ஒரு மிருகக்காட்சிசாலையிலிருந்து, இந்தக் கூட்டத்தோடு எந்த உறவும் இல்லாத ஒரு பெட்டையைக் கொண்டுவந்தார். லாரியிலிருந்து இறங்கியதும் முன்னங்காலைத் தரையில் அறைந்து, காடே அதிரும்படி ‘பாங்’ என்று ஒரு குரல் விட்டது. கூட வேலை பார்க்கும் அழகுமலை அண்ணன் அன்றே அதற்கு வடக்கத்தியாள் என்று பேர் வைத்துவிட்டார். வந்த பருவத்திலேயே வடக்கத்தியாள் சினை பிடித்தாள்.

அந்த மாசங்களில்தான் ஆத்மநாதனின் மனைவி செவந்தியும் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டான பிள்ளை. ஊரில் துணைக்கு ஆளில்லை என்று அவளைப் பண்ணைக் குவார்ட்டர்ஸுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டான். காலையில் வடக்கத்தியாளின் வயிற்றையும், சாயங்காலம் செவந்தியின் வயிற்றையும் பார்த்துப் பார்த்துப் பூரித்துக் கிடந்தான், பாவம்.

ரெண்டும் தங்கவில்லை.

செவந்தியின் பிள்ளை புதுக்கோட்டையில் பிறந்து, பேர் வைப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டது. பெண் பிள்ளை. ஒரு பூந்துவாலையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கு ஆத்மநாதன்தான் தூக்கிப் போனான். வழியெல்லாம் அந்தத் துவாலையிலிருந்து பாலும் வசம்பும் கலந்த பச்சைப்பிள்ளை வாடை வந்துகொண்டே இருந்தது. செவந்தி அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், வாயைத் திறக்காமல், மூக்கின் அடியிலிருந்து ஒரு சத்தம் மட்டும் விட்டாள். சின்னதாகத் தொடங்கி, மேலே ஏறி, பாதியில் அறுந்துபோன சத்தம். அதோடு அவள் பேச்சு நின்றது.

பால் மட்டும் நிற்கவில்லை. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தினமும் அரிமளத்துக்குப் போய்ப் பூ வாங்கிவந்து அவனே வைத்துக் கட்டினான். காலையில் அவிழ்க்கும்போது பூ கறுத்துக் கசங்கிக் கிடக்கும், துணி பாலில் ஊறியிருக்கும். பூக்காரம்மா சிரித்துக்கொண்டே, “பொண்டாட்டி மேல அம்புட்டு உசுராப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வண்டியை ஓரம் கட்டி நின்று அழுதான். செவந்தி சாப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒரு நாள் விடிகாலையில் தேடிப்போனபோது கிணற்று மேட்டில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. இவளும் போய்விடக்கூடாது. எதைக் கொடுத்தாவது இவளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

அந்த வாரத்திலேயே வடக்கத்தியாளின் குட்டி செத்து விழுந்தது. அதை எடுத்துப் போனதும் அவள் வெறி பிடித்தாற்போல் ஆனாள். இந்த வலைக்கும் அந்த வலைக்குமாக ஓடினாள், பச்சைத்துணியில் போய் மோதினாள், திரும்பி வந்து குட்டி கிடந்த இடத்தை முகர்ந்தாள், மறுபடி ஓடினாள். தீவனத் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“இப்படியே அடிச்சுக்கிட்டா தாங்காது ஆத்மநாதன்,” என்றார் வனிதா. “மயக்க ஊசி போட்டா, பயத்துலயே நெஞ்சு நின்னுரும். என்ன பண்றதுன்னு தெரியலை.”

“மேடம், எங்க வீட்டுல கன்னு செத்துப்போனா, தோல்ல வைக்கோலத் திணிச்சு மாட்டு முன்னாடி நிறுத்துவோம். மாடு அடங்கிரும்.”

“இது மாடு இல்லையே.”

“தாய்தானுங்களே மேடம்.”

வனிதா அடைப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ‘சரி, செய்யுங்கள்’ என்றார்.

அவன் செய்தான். தாய் முதலில் வயிற்றைத்தான் முகரும், அங்கே தையல் இருக்கக்கூடாது என்று முதுகுவழியாகத் தோலை உரித்தான். உப்பும் மஞ்சளும் தேய்த்து உலர்த்தி, வைக்கோலைத் திணித்து, கால்களுக்குச் சிம்பு வைத்தான். சணல் தீர்ந்துபோனதால் கிணற்றடியில் கிடந்த நீல நைலான் நூலைக் கோணூசியில் கோத்து, பிடரியிலிருந்து வால் வரை தைத்தான். மூன்று தையலுக்கு ஓர் இரட்டை முடிச்சு, அவன் அப்பா போடுகிற முடிச்சு. கண் இமைகளையும் அதே நூலால் மூடித் தைத்தான்.

வடக்கத்தியாள் வந்தாள், முகர்ந்தாள், செருமினாள். காலைத் தரையில் அறைந்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கினாள். உப்பு வாடையும் நைலான் வாடையும் எந்தத் தாய்க்கு ஆகும்? மாடாக இருந்தால் அதன் பாலையே பீச்சிக் குட்டி மேல் தடவிவிடுவான். காட்டு மானிடம் யார் போய்க் கறப்பது?

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் மூலையில் அவிழ்த்துப் போட்டிருந்த துணி கண்ணில் பட்டது. செவந்தி மாரில் கட்டியிருந்த துணி. பாலில் ஊறி, கசங்கிய மல்லிகையோடு கிடந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். துணியைச் சுருட்டிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய், குட்டியின் வாயிலும் நெற்றியிலும் முதுகிலும் அழுத்தித் துடைத்தான்.

இந்த முறை வடக்கத்தியாள் ஓடவில்லை. கழுத்தை நீட்டி நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு நாக்கை நீட்டி, குட்டியின் நெற்றியிலிருந்து வால் வரை, ஒரு அவசரமும் இல்லாமல் நக்கத் தொடங்கினாள். நக்கி முடித்துத் தொட்டிக்குப் போய் வாய் வைத்தாள்.

“தின்னுட்டா!” வனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போதும் ஆத்மநாதன். தின்ன ஆரம்பிச்சிட்டா நம்பிருச்சுன்னு அர்த்தம்.”

அன்று சாயங்காலம், அவள் கேட்கிறாளோ இல்லையோ, நடந்ததைச் செவந்தியிடம் சொன்னான். துணியை மட்டும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

“அது வைக்கோலுன்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியாம இருக்குமா புள்ள? தெரிஞ்சுக்கிட்டேதான் நக்குது.”

அவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள், அழுதால் நல்லது என்று நினைத்தான். கன்னம் மட்டுமல்ல, நெற்றியைத் துடைத்தாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், பிடரியில் துடைத்தாள். ஈரம் எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

அதற்கு மறுநாள் காலையில்தான் குட்டி கால் மடக்கிப் படுத்திருந்தது.

“நாய் கீய் பூந்து இழுத்திருக்கும்ப்பா,” என்றார் அழகுமலை. “ஒரு குச்சி ஒடிஞ்சதுக்கா இப்புடி மொகம் வெளுத்துப் போயி நிக்கிற?”

நாய் புகுந்திருந்தால் வடக்கத்தியாள் காட்டையே எழுப்பியிருப்பாள் என்று அவருக்கும் தெரியும். ஆத்மநாதனுக்கு அதற்கு மேலும் தெரியும். கடமான் தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போகாது. எட்ட நின்று, அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்குக் குட்டி எழுந்து வரும், பால் குடிக்கும், பிறகு தானாக நடந்துபோய்த் தனக்குப் பிடித்த மறைவில் படுத்துக்கொள்ளும். வேறு யார் கூப்பிட்டாலும், மிதித்தாலும்கூட, எழாது. படுக்கிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது தாயல்ல, குட்டி. இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே வனிதா டாக்டர்தான்.

அடுத்தடுத்த நாட்களில் குட்டி தினம் ஓர் இடத்தில் கிடந்தது. உப்புக்கட்டிக்குப் பின்னால். கள்ளிப்புதருக்குள். குவார்ட்டர்ஸ் பக்கத்து வலையோரம், அவன் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி. கார்த்திகை மழை விட்டு விட்டுக் கொட்டியது. அந்த மழையில் நனைந்த தோல் நாறித்தான் போக வேண்டும். குனிந்து முகர்ந்தபோது மல்லிகை வாடை வந்தது. கசங்கிய பூவின் வாடை அல்ல, அப்போதுதான் மொட்டு அவிழ்ந்த பூவின் வாடை. தூக்கப் போனான். செய்த அன்று ஒரு கையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தது இப்போது ரெண்டு கையாலும் எழும்பவில்லை. வைக்கோல் தண்ணீர் குடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் வயிற்றுக்கு அடியில் போன விரல்களுக்குச் சூடு தெரிந்தது. அன்றைக்கு வாளியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டான்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பயமல்ல, சந்தோஷம். செவந்தி தேறிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சுவரை விட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வாசலைக் கூட்டினாள். அதற்கடுத்த நாள் அவன் வேலை முடிந்து வரும்போது தட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டு, “வாங்க, சாப்புடுங்க,” என்றாள். பால் வற்றிவிட்டது, பூவும் துணியும் தேவையில்லை. திருவரங்குளம் கோயிலுக்கு அவளைக் கூட்டிவருவதாக வேண்டிக்கொண்டான். இத்தனை நாள் கழித்து வீட்டில் ஒரு மனுஷிக் குரல் கேட்கிறது, இதைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

“அடுப்ப மட்டும் நீங்க பத்த வச்சிருங்க,” என்றாள். புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவனே காலையில் பொங்கி வைத்துவிட்டுப் போனான். எரிகிற அடுப்புப் பக்கமே அவள் போகவில்லை. விளக்குக்கூட ஏற்றவில்லை. மழையில் கால் வைக்கவில்லை. அவன் எதிரில் சாப்பிடவில்லை. வீட்டில் அங்கங்கே வைக்கோல் துரும்பு கிடந்தது, தன் பேண்டில் ஒட்டிவந்தது என்று கூட்டித் தள்ளினான். வாசற்படியில் அவள் சறுக்கியபோது பாய்ந்து பிடித்தான், பிடிக்க ஒரு கை போதுமானதாக இருந்தது. அவள் முழங்கை உள்ளங்கையில் சொரசொரத்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்து, “வாங்க, சாப்புடுங்க,” என்றாள். அப்போதுதான் அவன் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தான்.

அன்றைக்கு மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. வனிதா டாக்டர் ஏதோ கூட்டமென்று புதுக்கோட்டை போயிருந்தார், அழகுமலை லீவு. கரண்ட் போய்விட்டது. தைலமரங்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. பச்சைத்துணி காற்றில் உப்பி, வலையில் அறைந்து, மறுபடி உப்பியது. மழை இறங்குவதற்கு முந்தைய அந்த வெளிச்சத்தில் புல்லின் ஒவ்வொரு தாளும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் வலைக்கு வெளியிலிருந்தே தொட்டியில் தீவனத்தைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தான். புல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது.

சின்னதாகத் தொடங்கியது. மேலே ஏறியது. பாதியில் அறுந்தது.

வாளி கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து கணகணத்தது. அந்தச் சத்தத்தை அவன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறான், ஆஸ்பத்திரி வராந்தாவில். மறக்க முடியாமல் தினமும் கேட்டுக்கொண்டும் இருக்கிறான்.

கதவைத் திறந்து அடைப்புக்குள் போனான். வடக்கத்தியாள் வாகைமரத்தடியில் நின்றாள். காலை அறையவில்லை. குரல் விடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புல்லை விலக்கினான்.

குட்டி படுத்திருந்தது. இமைகளில் நீல நூல் இல்லை. முதுகைத் தடவினான், தையல் இல்லை. பிடரியிலிருந்து வால் வரை ஒரு முடிச்சு தட்டுப்படவில்லை. ஈர மயிர் மட்டும் வழவழவென்று இருந்தது. அதற்கு அடியில் விலா எலும்பு. எலும்பு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. மல்லிகை வாடை முகத்தில் அடித்தது.

கண் திறந்தது.

கறுப்பான, பெரிய மான் கண்தான். ஆனால் அது பார்த்த பார்வை மான் பார்வை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பிள்ளை எங்கே என்று வாயால் கேட்காமல் கண்ணால் கேட்ட பார்வை.

“செவந்தி.”

காது அசைந்தது.

“செவந்தி... நீயா புள்ள? நீயா?”

குட்டி முன்னங்காலை ஊன்றியது. நடுங்கி எழுந்து, அவன் முழங்காலை நோக்கி மூக்கை நீட்டியது. மறுபடியும் அந்தச் சத்தம். அவன் ரெண்டு கையையும் நீட்டினான்.

வாகைமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அடித்தொண்டையில், மெதுவாக, ஒரே ஒரு குரல்.

குட்டி நின்றது.

“இங்கிட்டு வா. வேணாம் செவந்தி, இங்கிட்டு வா. நான் கூப்புடுறேன்ல!”

அது அவனைப் பார்த்தது. பிறகு திரும்பியது. ஈரப் புல்லில் தடுமாறித் தடுமாறி, தாயின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றது. வடக்கத்தியாள் குனிந்து நக்கினாள். நெற்றி. காது. கழுத்து. பிடரி. குட்டி கண்ணை மூடிக்கொண்டது. அப்படி ஒரு நிம்மதியைப் பிள்ளை போன நாளிலிருந்து அவன் செவந்தி முகத்தில் பார்த்ததில்லை, கொடுக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் சேற்றில் முழங்காலிட்டான். “ஏ தாயி, குடுத்துரு. அது என்னோடது. தெரியாம செஞ்சுட்டேன், குடுத்துரு,” என்று ஒரு மானிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கதறினான். வடக்கத்தியாள் தலையைத் தூக்கி, ஓர் அடி முன்னால் வந்து, குட்டிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

மழை இறங்கியது.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. குட்டிக்குள் இப்போது இருப்பது செவந்தி. அப்படியானால் அவன் திணித்த வைக்கோல் எங்கே போனது?

ஓடினான். சேற்றில் விழுந்தான். எழுந்து ஓடினான். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. தட்டில் சோறு.

“வாங்க, சாப்புடுங்க.”

“நீ யாரு?”

அவள் சொம்பை எடுப்பதற்காகத் திரும்பினாள். முடி முன்பக்கம் சரிந்தது. பிடரி தெரிந்தது.

நீல நூல். மூன்று தையல். ஓர் இரட்டை முடிச்சு. மூன்று தையல். ஓர் இரட்டை முடிச்சு. ஜாக்கெட்டுக்குள் இறங்கிப் போனது.

அவன் தையலை அவனுக்குத் தெரியாதா? அவன் தைக்கவில்லை. கோணூசி கொட்டகையில், பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. யார்? எப்போது? அவன் கதவுக்கு ஓடினான். மழைக்குள் வடக்கத்தியாளின் அந்தக் குரல் கேட்டது, மறுபடி உள்ளே ஓடிவந்தான். சுவரில் மோதிக்கொண்டான். கதவுக்கு ஓடினான். திரும்பினான். செவந்தி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த சுவரைத் தடவினான். கதவு. சுவர். கதவு. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது.

ஒரு கை அவன் கன்னத்தைத் தொட்டது. சொரசொரவென்று, எடையில்லாத கை. உள்ளே சருகு நொறுங்குகிற சத்தம். தட்டிவிடக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அந்தக் கையிலிருந்து வாடை வந்தது. பாலும் வசம்பும் கலந்த வாடை. பூந்துவாலையின் வாடை. கண்மாய்க் கரை வரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன வாடை. மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த வாடை.

நெடுநேரம் முகர்ந்தான்.

அவன் கால்கள் மடங்கின. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். பின்னாலிருந்து அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். நெற்றி. காது. கழுத்து. பிடரி. ஜன்னலின் கம்பிவலைக்கு அந்தப் பக்கம், மழையில், ஒரு பெரிய தலையும் அதன் கீழே ஒரு சின்னத் தலையும் அசையாமல் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடைப்பின் கதவைச் சாத்தாமல் வந்தது அவனுக்கு நினைவு வந்தது. அவை தப்பி ஓடவில்லை. அவன் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டு காத்து நின்றன.

“சாப்புடுங்க,” என்றாள் அவள்.

சோற்றின் மேல் ஒரு வைக்கோல் துரும்பு உதிர்ந்தது. ஆத்மநாதன் அதை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தான்.